செவியால் படிப்போர்க்கு விளக்கெதற்கு?

கண்ணில்லாதவனுக்கு விளக்கெதற்கு என்று ஏளனமாய்க் கேட்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. கேட்பவர் விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை; எள்ளி நகையாடவே கேட்பர். ஆயின், அக்கேள்வியினின்றும் ஏளனத்தை நீக்கிவிட்டு நோக்கின், எஞ்சி நிற்பது பொருள் நிறைந்ததொரு விஞ்ஞானக் கேள்வியேயாகும். பார்வையற்ற மாணவர் பலர் இன்று மடிக்கணினியைக் கொண்டே கற்கின்றனர், எழுதுகின்றனர், பரீட்சைக்கும் செல்கின்றனர். அக்கணினியின் முகத்தில் திரை என்னும் விளக்கொன்று ஓயாது எரிந்துகொண்டிருக்கிறது. அதனை அவர் காண்பதில்லை. எனினும் அது எரிதற்கு வேண்டிய மின்சாரம் அவருடைய மின்கலத்தினின்றே செலவாகிறது. அவ்விளக்கை அணைத்தல் இயலுமா? அணைப்பின் மிஞ்சுவது எவ்வளவு? அணைத்துவிட்டோம் என்று எண்ணியிருக்கவும் அது எரிந்துகொண்டிருத்தல் கூடுமா? இவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், கண்ணின் துணையின்றிக் கணினியை ஆளுமாறு எங்ஙனம் என்பதை அறிதல் வேண்டும். திரை வாசிப்பான் என்னும் மென்பொருள் இதற்கு உதவுகிறது. அஃது எழுத்தைக் குரலாக மாற்றிச் செவிக்கு உணர்த்தும்; அல்லது சிறு ஊசிமுனைகள் எழுந்து தாழும் பிரெயில் பட்டையின் வழியே விரலுக்கு உணர்த்தும். 1978 ஆம் ஆண்டில் மோட்டார் விபத்தொன்றில் பார்வையிழந்த டெட் ஹென்டர் என்னும் அமெரிக்கர் 1989 இல் வெளியிட்ட ‘ஜாஸ்’ என்பது இவ்வகையில் பெயர் பெற்றதொன்று. ஆயின் அதன் விலை பலருக்கு எட்டாததாயிருந்தது. இக்குறையைக் கண்ட மைக்கேல் கர்ரன் என்னும் ஆஸ்திரேலிய இளைஞர், விலையின்றி யாவர்க்கும் கிடைக்கத்தக்க திரை வாசிப்பான் ஒன்றை 2006 இல் இயற்றத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்னும் நண்பர் அவருடன் சேர்ந்தார். இருவரும் பார்வையற்றோர், இளமையில் பார்வையற்ற சிறாருக்கென நடந்த இசை முகாமொன்றில் அறிமுகமானோர். அவர்தம் உழைப்பின் பயனே இன்று உலகெங்கும் வழங்கும் ‘என்.வி.டி.ஏ.’ என்னும் மென்பொருள். அதனுடன் இணைந்து வரும் ‘ஈஸ்பீக்’ என்னும் குரற்கருவி தமிழையும் பேசும் ஆதலின், தமிழ் நூல்களையும் அதன் வாயிலாகக் கேட்டல் கூடும்.

ஈண்டு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். ‘திரை வாசிப்பான்’ என்னும் பெயரைக் கேட்டோர், திரையின்மீது தோன்றும் ஒளியெழுத்துக்களை அம்மென்பொருள் நம்மைப்போல் பார்த்துப் படிக்கிறது என்று எண்ணக்கூடும். அங்ஙனமன்று. இயங்குதளமும், அதன்கண் ஓடும் பிற மென்பொருள்களும், ‘இது பொத்தான்; இது தலைப்பு; இது மூன்றாம் பத்தி’ என்று தம்மிடத்துள்ளவற்றைச் சொல்லிக்கொடுப்பதற்கு உரிய வாயிலொன்று அமைந்துள்ளது. அவ்வாயிலிற் கேட்டறிந்தே திரை வாசிப்பான் பேசுகிறது. எழுத்து திரையில் ஒளிர்ந்தால் என்ன, ஒளிராவிட்டால் என்ன? வாசிப்பானுக்கு இரண்டும் ஒன்றே. திரை முற்றிலும் அணைந்திருக்கும் பொழுதும் அது தடையின்றிப் பேசும். திரையை அணைத்தல் என்னும் சிக்கனத்திற்கு அடிப்படை இவ்வுண்மையே.

இனி, திரை மின்சாரத்தை உண்ணும் வகையைக் கூறுவாம். பெரும்பாலான மடிக்கணினிகளின் திரை ‘எல்.சி.டி.’ எனப்படும் திரவப் படிகத் திரையாகும். திரவப் படிகம் தானே ஒளி வீசுவதன்று. பலகணியின் கதவைத் திறந்தும் அடைத்தும் வெளிச்சத்தை விடுவதும் தடுப்பதும் போல, தன் பின்னின்று வரும் ஒளியை விடுவதும் தடுப்பதுமே அதன் தொழில். ஒளி தருவது அதன் பின்னே அமைந்த பின்விளக்கு. முற்காலத்துக் கணினிகளில் அது மெல்லிய குழல்விளக்காயிருந்தது, பின்னர் எல்.ஈ.டி. விளக்குகளின் வரிசையாயிற்று. அவ்விளக்கின் ஒளியில் பெரும்பங்கை இடையிலுள்ள வடிகட்டிகளும் வண்ணத் தகடுகளும் விழுங்கிவிடும். வெளிவருவது சிறு பங்கே. ஆகவே கண்ணுக்குப் போதிய வெளிச்சம் வேண்டுமெனின் உள்ளே மிகுதியாக எரிதல் வேண்டும். கட்டுரை எழுதுதல், நூல் கேட்டல் முதலிய எளிய வேலைகளின்போது கணினியின் மூளை பெரும்பாலும் ஓய்ந்தே இருக்கும். அவ்வேளையில் மின்கலத்தை மிகுதியாக உறிஞ்சும் உறுப்புக்களுள் திரை முன்னிற்பது இது பற்றியே.

கணக்கொன்று காட்டின் இது தெளிவாகும். 50 வாட்-மணி கொள்ளும் மின்கலம் ஒன்று உளது என்று கொள்வோம். எளிய வேலையின்போது கணினி மொத்தம் 8 வாட் செலவிடுகிறது என்றும், அதில் 3 வாட் திரைக்கு உரியது என்றும் கொள்வோம். திரை எரியுமாயின் 50ஐ 8ஆல் வகுக்க, 6 மணி 15 நிமிஷம் வேலை செய்யலாம். திரை அணையுமாயின் 50ஐ 5ஆல் வகுக்க, 10 மணி நேரம் வேலை செய்யலாம். யந்திரத்திற்கு யந்திரம் இவ்வெண்கள் மாறுபடும். ஆயினும் கணக்கின் முறை மாறாது. மொத்தச் செலவு குறைந்த யந்திரத்தில் திரையின் பங்கு பெரிதாய் நிற்கும்; ஆதலின் அங்கே அதனை அணைத்தலால் வரும் ஊதியமும் பெரிதாகும்.

நிற்க. திரையை அணைத்தற்கு எளிய வழியொன்று முன்னமே உளதன்றோ என்று சிலர் வினவுவர். ‘திரைச்சீலை’ என்னும் பெயரால் வழங்கும் வசதியையே அவர் கருதுகின்றனர். என்.வி.டி.ஏ.யின் 2019.3 என்னும் பதிப்பிலிருந்து இஃது அம்மென்பொருளின் உள்ளேயே அமைந்துள்ளது. விண்டோஸ் 8 முதலான பதிப்புக்களில், என்.வி.டி.ஏ. விசை, கண்ட்ரோல், எஸ்கேப் என்னும் மூன்றையும் ஒருங்கே அழுத்தின் திரை முழுதும் கருத்துவிடும். ஜாஸிலும் இதனையொத்த வசதி உண்டு. ஆப்பிள் கணினிகளில் 2005 முதல் அமைந்து வரும் ‘வாய்ஸ்ஓவர்’ என்னும் வாசிப்பானிலும் திரைச்சீலை உண்டு. ஐபோனிலோ, வாய்ஸ்ஓவர் இயங்குகையில் மூன்று விரல்களால் மும்முறை தட்டினால் போதும்.

இங்குத்தான் பலரும் மயங்குகின்றனர். திரையை மறைத்தல் வேறு. விளக்கை அணைத்தல் வேறு. என்.வி.டி.ஏ.யின் திரைச்சீலை செய்வது யாதெனின், படப்புள்ளிகள் யாவும் கரியனவாகத் தோன்றுமாறு நிறத்தை மாற்றுதலே. திரவப் படிகத் திரையில் கருமை என்பது கதவை அடைத்தலேயன்றி விளக்கை அணைத்தலன்று. கதவுகள் யாவும் அடைபட்ட வீட்டினுள்ளே விளக்கு எரிந்துகொண்டிருப்பின், தெருவிலிருந்து நோக்குவோர்க்கு வீடு இருண்டிருக்கும். எண்ணெய் மாத்திரம் முன்போலவே குறைந்துகொண்டிருக்கும். அதுபோல், திரைச்சீலை தொங்கும் எல்.சி.டி. திரைக்குப் பின்னே விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், மின்கலமும் குறைந்துகொண்டேயிருக்கும். ‘ஓ.எல்.ஈ.டி.’ என்னும் புதுவகைத் திரையில் இந்நிலை வேறு. அதில் பின்விளக்கு இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. ஆதலின் அங்கே கருமை என்பது மெய்யாகவே ஒளியவிதல். அத்தகைய திரையுடையோர்க்கு மாத்திரம் திரைச்சீலை மறைப்பாகவும் சிக்கனமாகவும் ஒருங்கே பயன்படும். எனவே, தம் யந்திரத்தின் திரை எவ்வகையது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் இன்றியமையாதது.

அங்ஙனமாயின், பின்விளக்கை மெய்யாக அணைக்கும் வழிகள் யாவை? யாம் அறிந்தவரை அவை நான்கு.

முதலாவது, வெளிச்சத்தின் அளவைக் கடையெல்லைக்குக் குறைத்தல். இதற்குரிய விசை ஏறக்குறைய எல்லா மடிக்கணினிகளிலும் உண்டு. ஆப்பிள் மடிக்கணினிகளில் கடையெல்லைக்குக் குறைப்பின் பின்விளக்கு முற்றிலும் அணைந்துவிடும். பிற யந்திரங்கள் பலவற்றில் மங்கிய ஒளியொன்று எஞ்சி நிற்கும். அவ்வாறு நிற்பினும், செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும் ஆதலின் இதுவே யாவர்க்கும் எளிய வழி. இதனால் கெடுவதும் ஒன்றுமில்லை.

இரண்டாவது, திரையை மாத்திரம் அணைக்கும் தனி விசை. சில யந்திரங்களில் விசைப்பலகையின் மேல்வரிசையில் இதனை அமைத்துள்ளனர். உளதாயின் இதனினும் சிறந்த வழியில்லை. ஆனால் எல்லா யந்திரங்களிலும் இஃதில்லை.

மூன்றாவது, இத்தனை நிமிஷம் சும்மாயிருந்தால் திரை தானே அணைக என்று இயங்குதளத்திற்குக் கட்டளையிடுதல். இது கண்ணுடையாரை எண்ணி அமைத்ததோர் ஏற்பாடு. விசையொன்றைத் தீண்டியவுடனே, படிப்பவர் வந்துவிட்டார் என்று கருதித் திரை விழித்துக்கொள்ளும். செவியால் படிப்பவரோ ஒவ்வொரு வரிக்கும் ஒரு விசையை அழுத்துபவர். எழுதுங்கால் ஓயாது அழுத்துபவர். அவர் வேலை செய்யுந்தோறும் அவருக்கு வேண்டாத விளக்கு எரியும். அவர் எழுந்து சென்ற பின்னரே அணையும். வேலையின்போது சிக்கனத்தை நாடுவோர்க்கு இவ்வழி பயன்படாது.

நான்காவது, கணினியின் மூடியை மூடிவிட்டு வேலை செய்தல். வழக்கமாக மூடியை மூடினால் கணினி உறங்கிவிடும், குரலும் நின்றுவிடும். ஆயின், விண்டோஸில் மின்சார அமைப்புகளுக்குரிய பகுதியில், ‘மூடியை மூடுங்கால் ஒன்றும் செய்யற்க’ என்று கட்டளையிட இடமுண்டு. மின்கலத்தில் ஓடும்பொழுதும், மின்கம்பியில் இணைந்து ஓடும்பொழுதும் இதனைத் தனித்தனியே அமைத்துக்கொள்ளலாம். அங்ஙனம் அமைத்தபின் மூடியை மூடின் திரை அணையும், கணினியோ விழித்திருக்கும். வெளியே இணைத்த சிறு விசைப்பலகை ஒன்றைக்கொண்டு வேலையைத் தொடரலாம். பிரெயில் பட்டை உடையோர்க்கு அதுவும் வேண்டா. அப்பட்டைகள் பலவற்றில் உள்ள புள்ளி விசைகளைக் கொண்டே எழுதலாம். ஆப்பிள் கணினிகள் வேறு திரை இணையாதவிடத்து மூடியவுடன் உறங்குவன ஆதலின், அவற்றிற்கு முதல் வழியே ஏற்றது.

நான்காம் வழியை மேற்கொள்வோர் மனத்திற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. யந்திரங்கள் சிலவற்றின் வெப்பம் விசைப்பலகையின் இடைவெளிகளின் வழியாகவும் வெளியேறும். மூடிய கணினியைத் தலையணையின்மீது வைத்தலும், விழித்திருக்கும் நிலையிலேயே பைக்குள் இட்டு எடுத்துச் செல்லுதலும் தகாதன. வெப்பம் மிகுந்து மின்கலமும் பிறவும் கெடும். வேலை முடிந்ததும் உறக்கநிலைக்கு அனுப்பும் கட்டளையைத் தாமே கொடுத்துப் பழகல் நன்று. விசைப்பலகையின் கீழே ஒளிரும் சிறு விளக்குகள் உளவாயின் அவற்றையும் அணைத்துவிடலாம். விரலால் எழுத்தை அறிவார்க்கு அவையும் வேண்டாதனவே.

இத்துணையும் சில மணி நேர மின்சாரத்திற்காகவா என்று வியப்போர்க்கு விடை கூறுதல் எம் கடன். பரீட்சையை எண்ணிப் பார்க்க. எழுத்துப் பரீட்சைகளைப்பற்றி இந்திய அரசாங்கம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பிரெயில், கணினி முதலிய முறைகளுள் தமக்கேற்றதைப் பார்வையற்ற மாணவர் தேர்ந்துகொள்ள இடமளித்தன. பரீட்சையின் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் 20 நிமிஷத்திற்குக் குறையாத கூடுதல் நேரத்தையும் வகுத்தன. ஆகவே மூன்று மணி நேரப் பரீட்சை அவருக்கு நான்கு மணி நேரமாகும். இப்பொழுது மேற்கூறிய கணக்கை மீண்டும் எடுத்துக்கொள்வோம். லிதியம் மின்கலம் பழகப் பழகக் கொள்ளளவு குறைவது அதன் இயல்பு. வறிய மாணவர் ஒருவர் கைம்மாறி வந்த பழைய கணினி ஒன்றை வைத்திருக்கிறார் என்றும், அதன் மின்கலம் பாதி வலிமையிழந்து 25 வாட்-மணியே கொள்ளும் என்றும் வைத்துக்கொள்வோம். திரை எரியுமாயின் 3 மணி 7 நிமிஷத்தில் யந்திரம் நின்றுவிடும். திரை அணைந்திருப்பின் 5 மணி நேரம் ஓடும். மின்சாரம் தடைப்பட்ட நாளிலோ, இருக்கையின் அருகே மின்வாய் இல்லாத மண்டபத்திலோ, இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேரமே அம்மாணவர் விடையை முடித்தாரா, இடையில் விடுத்தாரா என்பதை வரையறுக்கும். கூடுதல் நேரத்தைச் சட்டம் கொடுத்தது. காணாத விளக்கொன்று அதனைப் பறித்துக்கொண்டது என்று ஆதல் முறையாகுமா?

சிக்கனத்தின் வேறாகப் பிறிதொரு பயனும் உண்டு. எம்முடன் பயிலும் பார்வையற்ற நண்பர் ஒருவர், புகைவண்டியிற் செல்லுங்கால் வீட்டாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனராம். அருகிருந்த பெரியவர், “தம்பி, பணமில்லை என்று எழுதியிருக்கிறாயே, கலங்காதே” என்று அன்பொழுகக் கூறினாராம். நண்பர் தம் செவிக்கு மாத்திரம் கேட்குமாறு ஹெட்போன் அணிந்திருந்தார். ஆயின் அவருடைய கடிதமோ வண்டியில் இருந்தார் அனைவர்க்கும் ஒளியெழுத்தில் விரிந்து கிடந்தது. கண்ணுடையார் தம் பின்னே ஒருவர் எட்டிப் பார்ப்பதை உணர்ந்து பக்கத்தைத் திருப்பிக்கொள்வர். காணாதவர்க்கு அக்காவல் இல்லை. இம்மறைவைக் காத்தற்குத் திரைச்சீலை போதும். மின்கலத்தைக் காத்தற்கே விளக்கை அணைத்தல் வேண்டும். இரண்டின் பயனையும் பிரித்தறிந்து, வேண்டுமிடத்து வேண்டுவதைக் கொள்ளுதலே அறிவுடைமை.

சில தடைகளும் உண்டென்பதை மறைத்தல் கூடாது. படமாக அமைந்துள்ள எழுத்தைத் திரையினின்றும் அறிந்து சொல்லும் வசதியொன்று என்.வி.டி.ஏ.யில் உளது, திரைச்சீலை தொங்கும்பொழுது அது தொழிற்படாது, சீலையை நீக்கிய பின்னரே தொழிற்படும். யந்திரம் பேசாது நின்றுவிட்டால், கண்ணுடைய நண்பர் ஒருவர் பார்த்துச் சொல்லுதற்குத் திரை வேண்டும். ஆதலின் திரையை மீண்டும் ஏற்றும் வகையை நினைவில் வைத்தல் வேண்டும். பார்வையற்றோர் எனப்படுவோர் யாவரும் ஒரு தன்மையர் அல்லர் என்பதும் நினைவிற்குரியது. அவருள் பலர்க்குச் சிறிது பார்வை உண்டு. பெரிதாக்கிய எழுத்தைத் திரையில் நோக்கிப் படிப்பார் அவருள் உளர். அவர்க்குத் திரையொளியே உயிர். ஒளி பட்டாலே கண் கூசி வருந்துவாரும் உளர். அவர்க்கு இருள் ஒரு நோய் தணிவாகும். ஆதலின் எவருடைய திரையையும் அவரைக் கேளாது நாமே அணைத்துவிடுதலும் பிழை; ஏற்றிவிடுதலும் பிழை.

மடிக்கணினி என்பது காண்பானை மனத்திற்கொண்டு வகுத்த கருவி. அதனாலேயே, எரியும் திரையை உயிருக்கும் அணைந்த திரையை இறப்புக்கும் அறிகுறியாகக் கொள்ளும் வழக்கம் நம் அனைவரிடத்தும் வேரூன்றிவிட்டது. வாசகசாலையில் இருண்ட கணினியின்முன் ஒருவர் அமர்ந்திருப்பின் அவர் வாளாவிருக்கிறார் என்று எண்ணுகிறோம். பரீட்சை மண்டபத்திலாயின் ஐயுறுகிறோம். அவ்வையம் நேராதிருக்க, மேற்பார்வையாளர்க்கு முன்னரே இதனை அறிவித்து, அவர் விரும்பும் வேளையில் திரையை ஏற்றிக் காட்டுவதாக ஒப்புக்கொள்ளுதல் மாணவர்க்கு நன்று. அதனை இயல்பான முறையென்று ஏற்றுக்கொள்ளுதல் மேற்பார்வையாளர்க்கு அழகு. கணினி செய்வோரும், திரையை மாத்திரம் அணைக்கும் விசையொன்றை எல்லா யந்திரங்களிலும் வைப்பாராயின், மூடியை மூடியும் வேறு விசைப்பலகையை இணைத்தும் இடர்ப்படும் இடர் பலர்க்கு நீங்கும்.

நம் கலாசாலை அன்பர்கள் இனிச் செய்யத்தக்கது சிறிதே. பார்வையற்ற தோழர் ஒருவர் அருகிருப்பின், அவருடைய யந்திரத்தின் திரை எவ்வகையது, வெளிச்ச அளவு எந்நிலையில் உளது என்பதை அவர் விரும்பின் பார்த்துச் சொல்லலாம். இவ்விரண்டுமே தம் கண்ணால் அறிய இயலாதன ஆதலின், பல்லாண்டு முழுவெளிச்சத்தில் திரையை எரியவிட்டு, மின்கலம் வலிமையற்றது என்று அதன்மேற் பழி கூறுவார் பலர். மூடிய கணினியின்மேல் விரல்கள் ஓயாது ஓடும் சிறு விசைப்பலகை ஒன்றைக் கண்டால், அங்கே ஒரு நூல் படிக்கப்படுகிறது, அல்லது எழுதப்படுகிறது என்று அறிந்து அமைதி காக்கலாம். விளக்கெதற்கு என்று கேட்டவர்க்கு விடை இதுவே: வேண்டியவர்க்கு விளக்கு வேண்டும், வேண்டாதவர்க்கு அதனை அணைக்கும் விசை வேண்டும்.